பூட்டுத் தொழிலாளியான ஐ.சி.எஸ். அதிகாரி: அக்தர் ஹமீத் கானும் கிராமங்களின் மறுவாழ்வும்

கிராமங்கள் ஏன் காலியாகின்றன என்று கேட்டால் வழக்கமாகக் கிடைக்கும் பதில்கள் மூன்று. வேலை இல்லை, வசதி இல்லை, விவசாயத்தில் வருமானம் இல்லை. மூன்றும் உண்மைதான். ஆனால் அரசு பணம் கொடுத்து, சாலை போட்டு, கட்டடம் கட்டிக் கொடுத்த ஊர்களிலிருந்தும் இளைஞர்கள் வெளியேறிக்கொண்டுதான் இருக்கிறார்கள். கட்டிய கட்டடம் சில ஆண்டுகளில் பூட்டிக் கிடக்கிறது. வாங்கிய இயந்திரம் பழுதாகி நிற்கிறது. பொறுப்பேற்க ஊரில் ஆள் இல்லை.

இந்த உபகண்டத்தில் இதைப் பற்றி ஆழமாகச் சிந்தித்தவர்களில் ஒருவர் டாக்டர் அக்தர் ஹமீத் கான். கிழக்கு வங்காளத்தின் கொமில்லாவிலும் கராச்சியின் ஒராங்கியிலும் அவர் செய்த பணிகள் இன்று உலகெங்கும் பல்கலைக்கழகங்களில் பாடமாக இருக்கின்றன. ஊர் மக்கள் கூடிப் பேச, சேமிக்க, கணக்குப் பார்க்க, முடிவெடுக்க அவர்களுக்கென்று ஓர் அமைப்பு இல்லாமல் போனதுதான் கிராமத்தின் முதல் நோய் என்பது அவருடைய முடிவு. இந்த முடிவுக்கு வர அவர் கொடுத்த விலை அதிகம்.

உயர் பதவியும் பஞ்சமும்

1914 ஜூலை 15 அன்று ஆக்ராவில் ஒரு நடுத்தரக் குடும்பத்தில் அவர் பிறந்தார். தந்தை காவல்துறை ஆய்வாளர். வீட்டில் கல்விக்குக் குறைவில்லை. மீரட்டிலும் ஆக்ராவிலும் படித்து ஆங்கில இலக்கியத்தில் முதுகலைப் பட்டம் பெற்றார். 1936-இல் ஐ.சி.எஸ். பணிக்குத் தேர்வானார். அன்றைய இந்தியாவில் அதைவிடப் பெரிய பதவி ஓர் இளைஞனுக்குக் கிடையாது. பயிற்சிக்காக கேம்பிரிட்ஜின் மாக்டலீன் கல்லூரிக்கு அனுப்பப்பட்டார். திரும்பி வந்ததும் வங்காளத்தில் பணி. கிராமங்களில் சுற்ற வேண்டிய பணி என்பதால் வங்க மொழியை நன்றாகக் கற்றுக்கொண்டார். அரபு, பாரசீகம், பாலி ஆகிய மொழிகளும் அவருக்குத் தெரியும்.

1940-இல் கக்ஸார் இயக்கத்தின் தலைவர் அல்லாமா மஷ்ரிகியின் மகள் ஹமீதா பேகத்தை மணந்தார். பதவி, குடும்பம், செல்வாக்கு எல்லாம் அமைந்திருந்த அந்த நேரத்தில்தான் 1943-ஆம் ஆண்டின் வங்காளப் பஞ்சம் வந்தது. இலட்சக்கணக்கான மக்கள் மாண்டார்கள். கிராமங்களிலிருந்து கூட்டம் கூட்டமாக வெளியேறி கல்கத்தாவின் நடைபாதைகளில் வந்து விழுந்தார்கள். ஆட்சியாளர்கள் பஞ்சத்தைக் கையாண்ட விதத்தை, ஆட்சிக்குள் ஓர் அதிகாரியாக இருந்துகொண்டே அவர் பார்த்தார். மக்களைக் காப்பாற்ற முடியாத ஒரு நிர்வாகத்தில் தமக்கு இடமில்லை என்று முடிவு செய்து ஐ.சி.எஸ். பதவியை ராஜினாமா செய்தார்.

அதற்குப் பின் அவர் செய்தது அவரை அறிந்தவர்களையே திகைக்க வைத்தது. அலிகார் அருகே மாமூலா என்ற கிராமத்துக்குப் போனார். பூட்டுத் தொழிலுக்குப் பெயர்போன பகுதி அது. அங்கே ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் கூலித் தொழிலாளியாகவும் பூட்டுத் தொழிலாளியாகவும் வேலை செய்தார். ஏழைகளைப் பற்றி அறிக்கை எழுதிய கைகள் இரும்பை அராவின. தொழிலாளியின் நாள் எப்படிக் கழிகிறது, கூலி எங்கே போகிறது, கடன் எப்படி ஏறுகிறது என்பதை அவர் அங்குதான் தெரிந்துகொண்டார். 

அங்கிருந்து டெல்லி ஜாமிஆ மில்லியா இஸ்லாமியாவுக்கு ஆசிரியராக வந்தார். 1950-இல் பாகிஸ்தானுக்குக் குடிபெயர்ந்து, கிழக்கு வங்காளத்தின் கொமில்லா விக்டோரியா கல்லூரியின் முதல்வரானார். 1958 வரை அந்தப் பொறுப்பில் இருந்தார். இடையில் அரசின் கிராம உதவித் திட்டமான வி-எய்டின் இயக்குநராகவும் பணியாற்றினார். அதிகாரிகள் ஊருக்கு வந்து அறிவுரை சொல்லிவிட்டுப் போகும் அந்த முறை அவருக்குத் திருப்தி தரவில்லை. விரைவிலேயே கல்லூரிக்குத் திரும்பினார்.

கொமில்லாவில் கண்டது

1958-இல் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஊரக வளர்ச்சி குறித்துப் படித்துத் திரும்பினார். 1959 மே மாதம் கொமில்லாவில் ஊரக வளர்ச்சிக் கழகம் தொடங்கப்பட்டபோது அதன் இயக்குநராக நியமிக்கப்பட்டார். அரசு அதிகாரிகளுக்குப் பயிற்சி கொடுப்பதுதான் கழகத்தின் வேலை. கிராமத்தையே அறியாதவர்கள் கிராம வளர்ச்சியைப் பற்றி வகுப்பெடுப்பதில் அர்த்தம் இல்லை என்று கருதிய அவர், ஒரு முழு வட்டாரத்தையே கழகத்தின் சோதனைக் களமாகத் தருமாறு அரசிடம் கேட்டுப் பெற்றார். அதுதான் கொமில்லா கோத்வாலி தானா. தானா என்பது ஒரு காவல் நிலைய எல்லைக்கு உட்பட்ட நிர்வாகப் பகுதி. சுமார் 100 சதுர மைல் பரப்பு, இரண்டு இலட்சம் அளவில் மக்கள்.

கழகத்தின் ஆசிரியர்கள் முதலில் ஊர்களுக்குச் சென்று கேட்டுக்கொள்ள வேண்டும் என்பது அவர் விதித்த நிபந்தனை. கேட்டதில் தெரிந்த படம் இது: பெரும்பாலான குடும்பங்களிடம் இருந்தது இரண்டு ஏக்கருக்கும் குறைவான நிலம். மழைக்காலத்தில் வெள்ளம் பயிரை அழித்தது. குளிர்காலத்தில் தண்ணீர் இல்லாமல் நிலம் தரிசாகக் கிடந்தது. அறுவடைக்கு முன்பே வட்டிக்காரரிடம் கடன். கடனுக்கு ஈடாக நிலம் கைமாறியது. நிலத்தை இழந்தவன் பிழைப்புத் தேடி ஊரைவிட்டுப் போனான்.

வெள்ளத்தையும் வறட்சியையும் எந்தச் சிறு விவசாயியும் தனியாகச் சமாளிக்க முடியாது. வடிகாலும் கரையும் பம்பும் பலர் சேர்ந்தால்தான் சாத்தியம். ஆனால் ஊரில் சேர்ந்து செயல்படும் வழக்கமே அற்றுப் போயிருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டு ஜெர்மனியில் ரைஃபைசன் என்பவர், கடனில் மூழ்கியிருந்த கிராம மக்களைக் கூட்டுறவுச் சங்கங்களாகத் திரட்டிய வரலாறு அக்தர் ஹமீத் கானுக்கு வழிகாட்டியாக இருந்தது.

ஒரு தேநீர் விலையில் தொடங்கிய சங்கம்

கொமில்லா நகரை ஒட்டிய பலராம்பூர், காசிநாத்பூர் கிராமங்களில் நிலமற்ற மக்கள் அதிகம். பலர் ரிக்‌ஷா இழுத்துப் பிழைத்தார்கள். ரிக்‌ஷா அவர்களுடையது அல்ல, நாள் வாடகைக்கு எடுத்தது. உழைத்ததில் பெரும்பகுதி வாடகைக்கே போகும். அங்கே ஒரு தேநீர்க்கடை நடத்திவந்தவர் முஹம்மது யாசீன். அக்தர் ஹமீத் கானின் சேமிப்புப் பேச்சைக் கேட்ட யாசீன், 1960-இல் ரிக்‌ஷாக்காரர்களைச் சேர்த்து ஒரு சங்கம் தொடங்கினார். மொத்தம் ஒன்பது பேர். ஆளுக்குத் தினம் ஓர் அணா. அது அன்று ஒரு கோப்பைத் தேநீரின் விலை.

ஒன்பது அணாவில் என்ன நடக்கும் என்று கேலி செய்தவர்களும் இருந்திருப்பார்கள். ஆனால் சேமிப்பு நிற்கவில்லை. சங்கம் சொந்தமாக ரிக்‌ஷா வாங்கியது. வாடகைக்கு இழுத்தவர்கள் ஒருவர் பின் ஒருவராகச் சொந்த வண்டிக்காரர்கள் ஆனார்கள். பின்னர் லாரி, டிராக்டர், செங்கல் சூளை, பள்ளிக்கூடம் என்று தீதார் என்ற அந்தச் சங்கம் வளர்ந்தது. 1988-இல் யாசீனுக்கு மகசேசே விருது கிடைத்தது. அதே விருது 1963-இல் அக்தர் ஹமீத் கானுக்கும் கிடைத்திருந்தது. ஆசானும் மாணவரும் 25 ஆண்டு இடைவெளியில் ஒரே விருதைப் பெற்றார்கள்.

மற்ற கிராமங்களிலும் இதே ஒழுங்கு பின்பற்றப்பட்டது. சங்கம் வைக்க விரும்பும் ஊர் சில விதிகளை ஏற்க வேண்டும். வாரம் ஒருமுறை எல்லோரும் கூட வேண்டும். எவ்வளவு சிறியதானாலும் வாராவாரம் சேமிக்க வேண்டும். கணக்கு எல்லோர் முன்னிலையிலும் படிக்கப்பட வேண்டும். தங்களுக்குள் நம்பிக்கையான ஒருவரைத் தேர்ந்தெடுத்து, வாரந்தோறும் தானா மையத்துக்குப் பயிற்சிக்கு அனுப்ப வேண்டும். அவர் அங்கே கற்றதை ஊருக்கு வந்து சொல்ல வேண்டும். வெளியூர் அதிகாரியின் பேச்சைவிட, பக்கத்து வயல்காரன் செய்து காட்டிய நடவு விவசாயிகளிடம் எடுபட்டது.

ஊர்ச் சங்கங்களை இணைத்து தானா அளவில் ஒரு மத்தியக் கூட்டமைப்பு அமைக்கப்பட்டது. கடன், இயந்திரம், பழுது பார்ப்பு, விதை, பயிற்சி எல்லாம் அங்கே. சிறிய ஊரால் தனியாகத் தாங்க முடியாத செலவை நூற்றுக்கணக்கான ஊர்கள் சேர்ந்து தாங்கின. 1960-களின் இறுதியில் அந்த ஒரே தானாவில் சுமார் 300 சங்கங்கள் இருந்தன.

உள்ளூர் கைகளில் தொழில்நுட்பம்

நவீனத் தொழில்நுட்பத்தை அக்தர் ஹமீத் கான் எதிர்க்கவில்லை. கொமில்லாவுக்கு டிராக்டர்களும் பம்புகளும் வந்தன. டிராக்டர்களின் செலவு அதிகமாக இருந்தது. சிறு விவசாயியின் வாழ்க்கையை மாற்றியது தண்ணீர்தான். ஆழ்துளைக் கிணறு தோண்டப் பெரிய இயந்திரங்களையும் ஒப்பந்தக்காரர்களையும் கொண்டுவந்தால் விலை எட்டாத உயரத்தில் இருந்தது. கொமில்லாவில் உள்ளூர்த் தொழிலாளர்களுக்குப் பயிற்சி கொடுத்து, கைமுறையில் கிணறுகள் இறக்கப்பட்டன. செலவு வெகுவாகக் குறைந்தது. கூலி ஊருக்குள்ளேயே தங்கியது. பழுதானால் சரிசெய்யத் தெரிந்த ஆளும் ஊரிலேயே இருந்தார். குளிர்காலத்தில் தரிசாகக் கிடந்த நிலத்தில் போரோ நெல் விளைந்தது.

1960-களின் தொடக்கத்தில் ஊரகப் பணித் திட்டம் கோத்வாலியில் பரிசோதிக்கப்பட்டது. கால்வாய் வெட்டுதல், கரை உயர்த்துதல், ஊர்ச் சாலை போடுதல் ஆகிய வேலைகளை ஒப்பந்தக்காரர்களிடம் விடாமல் ஊர் மக்களின் குழுக்களே செய்தன. வேலையில்லாத மாதங்களில் நிலமற்றவர்களுக்குக் கூலி கிடைத்தது. பிழைப்புக்காக ஊரைவிட்டுப் போக வேண்டிய பருவத்திலேயே ஊரில் வேலை இருந்தது. திட்டத்தின் பலனைக் கண்ட அரசு, அடுத்த ஆண்டே கிழக்குப் பாகிஸ்தான் முழுவதும் அதை விரிவுபடுத்தியது.

கிராமத்தில் ஏற்கனவே மதிப்புப் பெற்றிருந்தவர்களை அவர் ஒதுக்கவில்லை. பள்ளிவாசல் இமாம்களுக்குப் பயிற்சி தந்து, எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்குக் கற்பிக்கும் ஆசிரியர்களாக அவர்களை ஈடுபடுத்தினார். பிரசவம் பார்க்கும் கிராமத்து மருத்துவச்சிகளுக்கும் பயிற்சி அளிக்கப்பட்டது. வீட்டைவிட்டு வெளியே வராத பெண்கள் வாரந்தோறும் கழகத்துக்கு வந்து கற்றுச் சென்றார்கள். எதிர்ப்பு வந்தபோது, ஊர்க்காரர்களே தங்கள் பெண்களில் யார் வரலாம் என்று முடிவு செய்யட்டும் என்று விட்டார். அப்படி வந்தவர்கள் திரும்பிப் போய் மற்றவர்களை அழைத்து வந்தார்கள்.

எங்கே தவறியது?

கொமில்லாவின் கதை முழு வெற்றிக் கதை அல்ல. காலம் செல்லச் செல்ல, பல சங்கங்களில் வசதியுள்ள விவசாயிகள் நிர்வாகத்தைக் கைப்பற்றினார்கள். சேமிப்பு பின்னுக்குப் போனது, மேலிருந்து வரும் கடன் முன்னுக்கு வந்தது. பெரிய கடனை வாங்கியவர்களே திருப்பிக் கட்டாமல் இருந்தார்கள். அவர்களே நிர்வாகத்திலும் இருந்தபடியால் கேட்பாரில்லை. வாரக் கூட்டம் பெயரளவுக்கானது. 1971 போரும் அதற்குப் பிந்தைய குழப்பமும் மிச்சமிருந்த ஒழுங்கையும் குலைத்தன. வங்கதேச அரசு கொமில்லா முறையை ஒருங்கிணைந்த ஊரக வளர்ச்சித் திட்டம் என்ற பெயரில் நாடு முழுவதும் பரப்பியபோது, எண்ணிக்கை பெருகியது. ஆனால் சங்கத்தை ஊர் உருவாக்கும் நிலை மாறி, இலக்கை எட்டுவதற்காக அதிகாரி உருவாக்கும் நிலை வந்தது.

இந்தத் தோல்வியை அக்தர் ஹமீத் கான் மறைக்கவில்லை. தம் முறையின் குறைகளைத் தாமே எழுத்தில் பதிவு செய்தார். சொந்தச் சேமிப்பில் நின்ற தீதார் பிழைத்ததும், வெளிக் கடனில் வளர்ந்த சங்கங்கள் பல சரிந்ததும் அவர் கண்முன் இருந்த பாடம். ஏழைகளையும் வசதியானவர்களையும் ஒரே சங்கத்தில் வைத்தால் என்ன ஆகும் என்பதையும் வங்கதேசம் கற்றுக்கொண்டது. பின்னர் வந்த தொண்டு நிறுவனங்கள் நிலமற்றவர்களையும் பெண்களையும் தனிக் குழுக்களாகத் திரட்டியதற்கு இந்த அனுபவமும் ஒரு காரணம்.

ஊரைவிட்டு வந்தவர்களின் நகரில்

1971-இல் அவர் மேற்குப் பாகிஸ்தானுக்குச் சென்றார். உருவாக்கியதையெல்லாம் விட்டுவிட்டு வெறுங்கையுடன் போன அவருக்கு அப்போது வயது 57. பெஷாவர் அருகே தாவூத்சாய் என்ற இடத்தில் ஷுஐப் சுல்தான் கான் என்ற அதிகாரி கொமில்லா முறையில் ஒரு திட்டத்தைத் தொடங்கியபோது அவருக்கு வழிகாட்டினார். 1980-இல் கராச்சியின் ஒராங்கிக்கு வந்தார்.

ஒராங்கி அரசின் அங்கீகாரம் இல்லாமல் எழுந்த பெரும் குடியிருப்பு. கிராமங்களை விட்டு வந்தவர்களும் 1971-க்குப் பின் கிழக்கிலிருந்து வந்த அகதிகளும் நிறைந்த இடம். கழிவுநீர் தெருவில் ஓடியது. குழந்தைகள் நோயில் விழுந்தன. அரசு வந்து இலவசமாகச் செய்யும் என்று மக்கள் காத்திருந்தார்கள். அக்தர் ஹமீத் கான் பல மாதங்கள் தெருத்தெருவாக நடந்து பேசினார். பிறகு ஒரு யோசனை வைத்தார். ஒரு சந்தில் இருக்கும் இருபது முப்பது வீடுகள் சேர்ந்து, தங்களுக்குள் ஒரு பொறுப்பாளரைத் தேர்ந்தெடுத்து, தங்கள் பணத்தில் தங்கள் சந்தின் சாக்கடையைப் போடட்டும். அளவெடுப்பு, வரைபடம், கருவி, ஆலோசனை ஆகியவற்றை ஒராங்கி முன்னோடித் திட்டம் கொடுக்கும், பணம் கொடுக்காது.

ஒப்பந்தக்காரரின் இலாபத்தையும் தேவையற்ற வடிவமைப்பையும் நீக்கியதும் செலவு ஏழைகளால் தாங்கக்கூடிய அளவுக்கு இறங்கியது. ஒரு சந்து முடிந்ததும் அடுத்த சந்து கேட்டது. வீட்டுக் கழிப்பறையையும் சந்துக் குழாயையும் மக்கள் போட, பெரிய கழிவுநீர்ப் பாதையையும் சுத்திகரிப்பையும் அரசு செய்ய வேண்டும் என்ற பங்கீடு உருவானது. பத்தாயிரக்கணக்கான வீடுகள் இப்படித் தங்கள் சொந்தச் செலவில் சுகாதார வசதியைப் பெற்றன. கிராமத்தில் குலைந்துபோன கூட்டுவாழ்வு நகரத்துச் சந்தில் மீண்டும் உருவானது.

அவருடைய சிந்தனை மலைகளுக்கும் சென்றது. 1982-இல் கில்கித் பகுதியில் ஆகா கான் ஊரக ஆதரவுத் திட்டத்தை ஷுஐப் சுல்தான் கான் தொடங்கினார். ஊர் அமைப்பு, ஒழுங்கான சேமிப்பு, ஊரே தேர்ந்தெடுக்கும் ஒரு பொதுப்பணி என்ற அதே வரிசை. எட்டாத மலைக் கிராமங்கள் தாங்களே வாய்க்கால் வெட்டித் தரிசு நிலத்துக்கு நீர் கொண்டுவந்தன. 1990-களில் ஐ.நா. வளர்ச்சித் திட்டத்தின் தெற்காசிய வறுமை ஒழிப்புப் பணி வழியாக இந்த அனுபவம் இலங்கை உள்ளிட்ட நாடுகளுக்கும் ஆந்திராவின் கர்னூல், அனந்தபூர், மகபூப்நகர் மாவட்டங்களுக்கும் வந்தது. அங்கே பெண்கள் சுயஉதவிக் குழுக்கள் பெரிய அளவில் எழுந்ததில் அதற்கும் பங்கு உண்டு.

1999 அக்டோபர் 9 அன்று, அமெரிக்காவின் இண்டியானாபொலிஸ் நகரில், 85-ஆம் வயதில் அவர் காலமானார். உடல் கராச்சிக்குக் கொண்டுவரப்பட்டு, அவர் உழைத்த ஒராங்கி அலுவலக வளாகத்திலேயே அடக்கம் செய்யப்பட்டது.

இன்றைக்கு என்ன பாடம்?

இன்று கிராமங்களை மீட்பதற்கான பேச்சு பெரும்பாலும் இணையத்தைச் சுற்றியே நடக்கிறது. அதில் தவறில்லை. வங்கதேசமே 2010-இல் நாடெங்கும் சுமார் 4,500 ஊராட்சிகளில் டிஜிட்டல் சேவை மையங்களைத் திறந்தது. ஒவ்வொரு மையத்தையும் உள்ளூரைச் சேர்ந்த ஓர் ஆணும் ஒரு பெண்ணும் தொழில்முனைவோராக நடத்த வேண்டும் என்பது ஏற்பாடு. பிறப்புச் சான்றிதழுக்கும் விண்ணப்பத்துக்கும் நகரத்துக்கு ஓட வேண்டிய தேவை குறைந்தது. ஊர் ஆளைப் பயிற்றுவித்து ஊரிலேயே சேவையை வைப்பது என்ற கருத்து, கொமில்லா அரை நூற்றாண்டுக்கு முன்பே செய்து பார்த்ததுதான்.

அக்தர் ஹமீத் கானின் வாழ்க்கையை வைத்துப் பார்த்தால் எது முதலில், எது பிறகு என்ற வரிசை தெளிவாகிறது. முதலில் கூட்டம், பிறகு சேமிப்பு, பிறகு திறந்த கணக்கு, பிறகு ஊர் ஆளுக்குப் பயிற்சி, அதன் பிறகே இயந்திரமும் வெளிப்பணமும். வரிசை மாறிய இடங்களில் கொமில்லாவே தடுமாறியது. கைப்பேசிச் செயலியில் கணக்கை எல்லோருக்கும் காட்டலாம். வெளிநாட்டில் இருக்கும் ஊர்க்காரரையும் காணொளியில் கூட்டத்துக்கு அழைக்கலாம். விளைச்சலை இடைத்தரகர் இல்லாமல் விற்கலாம். ஆனால் காட்ட ஒரு கணக்கும், அழைக்க ஒரு கூட்டமும், சேர்ந்து விற்க ஒரு சங்கமும் ஊரில் முதலில் இருக்க வேண்டும்.

ஊரைவிட்டுப் போனவர்களைக் குறை சொல்வதில் பயனில்லை. பிழைப்புக்காகப் போகிறார்கள். இருப்பவர்கள் வாரம் ஒருமுறை கூடி உட்கார்ந்து, ஒரு தேநீரின் விலையைச் சேர்த்து, அந்தக் கணக்கைச் சத்தமாகப் படிக்கத் தயாரா என்பதே கேள்வி. பலராம்பூரின் ஒன்பது பேர் 1960-இல் அதற்கு ஆம் என்றார்கள். அவர்களிடம் இருந்ததைவிட நம் ஊர்களில் இன்று அதிகமாகவே இருக்கிறது.